நரம்பு தெரிந்த பல்லுக்கு எதை வைப்பது? பல்ப் கேப்பிங் பொருட்கள், ஒரு முழுமையான வழிகாட்டி

ஆழமான சொத்தை. ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் மெத்தென்றிருக்கும் கடைசித் துணுக்கு டென்டினை (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் அடுக்கு) வழித்து எடுக்கிறீர்கள். குழியின் அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி எட்டிப் பார்க்கிறது. பற்கூழ் திறந்துவிட்டது. நோயாளிக்கு மரத்துப் போயிருப்பதால் ஒன்றும் தெரியாது. உங்களுக்குத்தான் உள்ளுக்குள் 'அடடா' என்றிருக்கும்.

அடுத்த கால் மணி நேரத்தில் செய்வதை வைத்துத்தான் அந்தப் பல் உயிரோடு இருக்குமா, சில மாதம் கழித்து ரூட் கேனாலுக்கு வந்து உட்காருமா என்பது முடிவாகிறது. அந்தக் கால் மணி நேரத்துக்கான வழிகாட்டி இது. ஹவுஸ் சர்ஜன்களையும் புதிதாக கிளினிக் திறந்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பல் வலியோடு இணையத்தில் தேடி வந்தவர்களும் தாராளமாகப் படிக்கலாம். நடுவில் வரும் அளவுகளை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'கேப்' என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் ரூட் கேனால் முடிந்தபின் பல்லின் மேல் மாட்டும் செராமிக் தொப்பிதான். 'கேப்பிங் பண்ணியிருக்கேன்' என்று நீங்கள் சொன்னால், நோயாளி வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தொப்பியைத் தேடுவார். பல்ப் கேப்பிங் வேறு. பல்லுக்குள், திறந்துபோன பற்கூழின் மேல் நேரடியாக ஒரு மருந்தை வைத்து மூடுவது அது. மக்கள் 'நரம்பு' என்று சொல்வது இந்தப் பற்கூழைத்தான். அதில் நரம்பு மட்டுமல்ல, ரத்தக்குழாய்களும் உயிரணுக்களும் உண்டு. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் சக்தியும் உண்டு.

பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு எலிக் கதை

1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலிகளின் கடைவாய்ப் பல்லில் துளை போட்டுப் பற்கூழைத் திறந்தார்கள். மருந்து வைக்கவில்லை, மூடவும் இல்லை. சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலோ, திறந்த துளைக்குள் தீனி போய் அடைத்திருந்தும் கீழே பற்கூழ் உயிரோடு இருந்தது. காயத்தின் மேல் புதிதாக டென்டின் பாலம் கட்டியிருந்தது.

பல்ப் கேப்பிங்கில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடுகிறது. ஆற்றுவது பற்கூழ், நாம் வைக்கும் பொருளின் முதல் வேலை, கிருமியை வெளியே நிறுத்துவது. காயம் பட்ட இடத்தில் இருந்த டென்டின் உற்பத்திச் செல்கள் செத்துவிடும். கீழேயுள்ள தண்டுச் செல்கள் மேலே வந்து அவற்றின் வேலையை எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் ஒரு கடினத் தடுப்பைக் கட்டும். அந்த வாரங்களில் மேற்கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கப்போகிறோம்.

படி 1: இந்தப் பல்லுக்கு கேப்பிங் சரிப்படுமா?

ஊசி போடுவதற்கு முன்பே கேட்டு முடிவு செய்ய வேண்டியது இது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று வலித்து உடனே போய்விடுகிறதா? நல்லது. ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்தபின்னும் நின்று வலிக்கிறதா, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா, தானாகவே விண்விண்ணென்று தெறிக்கிறதா? அப்படியானால் பற்கூழின் அழற்சி ஆழமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் ஸ்ப்ரே வைத்துச் சோதியுங்கள். பக்கத்துப் பல்லிலும் வைத்து ஒப்பிடுங்கள். தட்டினால் வலி, ஈறில் கொப்புளம், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு, இதில் எது இருந்தாலும் கேப்பிங் பேச்சே வேண்டாம்.

காயம் எப்படி வந்தது என்பதும் முக்கியம். கீழே விழுந்து முன்பல் உடைந்த பையனுக்கோ, சொத்தையே இல்லாத இடத்தில் பர் (பல்லைக் குடையும் சுழல் முனை) தவறிப் போய்த் திறந்ததற்கோ உள்ளே இருப்பது நல்ல பற்கூழ். சொத்தை தின்று தின்று திறந்தது வேறு கதை. அங்கே கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2019 அறிக்கையில் இரண்டையும் தனித்தனி வகையாகவே பிரித்தது. இரண்டாவது வகைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, கிருமிநீக்கி, கால்சியம் சிலிகேட் சிமெண்ட் (படி 4இல் வரும் எம்டிஏ, பயோடென்டின் இந்த வகை) எல்லாம் வேண்டும் என்றும் சொன்னது.

பால்பற்களில் சொத்தையால் திறந்தால் நேரடி கேப்பிங்கைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அங்கே பல்பாடமிதான் வழி, அதாவது பற்கூழின் மேல் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை உயிரோடு விடுவது.

படி 2: திறக்காமலே தப்பிக்க முடிந்தால் அதுதான் முதல் வெற்றி

கல்லூரியில் 'மெத்தென்று இருக்கும் எல்லாவற்றையும் சுரண்டு' என்று படித்துவிட்டு வந்தவர்கள் நாம். அதை இப்போது கொஞ்சம் மறக்க வேண்டும். சொத்தை பற்கூழுக்கு மிக அருகில் போயிருந்து, பல் குணமாகக்கூடிய நிலையிலும் இருந்தால், ஓரங்களை மட்டும் கடினமான டென்டின் வரும்வரை சுத்தமாக எடுங்கள். பற்கூழுக்கு நேர் மேலே கொஞ்சம் மெத்தென்ற டென்டினை விட்டுவிட்டு, இறுக்கமாக மூடுங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால்தான் மேற்கூரை ஒட்டும்; ஒட்டினால் அடியில் மாட்டிக்கொண்ட கிருமிக்குச் சாப்பாடு நின்றுபோகும்.

ரப்பர் டேம், அதாவது எச்சில் படாமல் பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் விரிப்பு, கட்டாயம். திறந்தபின் அவசர அவசரமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; அதற்குள் எச்சில் போய்விடும். சொத்தை சுரண்டிய பர்ரையே கடைசிவரை ஓட்டாமல், பற்கூழுக்கு அருகில் போகும்போது புதிய, ஸ்டெரிலான பர்ருக்கு மாறுங்கள். பழையதோடு போனால் கிருமி படிந்த டென்டின் துணுக்குகளை நாமே உள்ளே தள்ளிவிடுவோம்.

படி 3: ரத்தத்தைப் படியுங்கள்

எந்த டப்பாவைத் திறப்பது என்று யோசிப்பதற்கு முன் ரத்தத்தைக் கவனியுங்கள். பளிச்சென்ற சிவப்பில் மெதுவாகக் கசிந்தால் பற்கூழ் நலமாக இருக்கிறது. கருஞ்சிவப்பில் நிற்காமல் பொங்கினால் உள்ளே அழற்சி. ரத்தமே வராமல் மஞ்சளாக, உலர்ந்து கிடந்தால் அந்த இடம் செத்துவிட்டது.

2.5 முதல் 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட்டில் ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை நனைத்து, பிழிந்து, காயத்தின் மேல் வையுங்கள். தேய்க்க வேண்டாம். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே விடுங்கள். ஒன்றரை நிமிடத்தில் எடுத்து எட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. உலர்ந்த பஞ்சை வைத்து எடுத்தால் உறைந்த ரத்தத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும், மறுபடி ஒழுகும். நனைந்த பஞ்சாகவே இருக்கட்டும். காற்றுச் சிரிஞ்சை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நின்றுவிட்டதா? சலைனால் மெதுவாகக் கழுவுங்கள். நிற்கவில்லையா? இன்னொரு ஐந்து நிமிடம். அப்போதும் நிற்கவில்லை என்றால் மேல் அடுக்கில் அழற்சி இருக்கிறது, அதை எடுத்தாக வேண்டும். வேகமாகச் சுழலும் டயமண்ட் பர்ரில், தண்ணீர் ஓடவிட்டு, 2 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் பற்கூழை நீக்குங்கள். ஸ்வீடனில் ஸ்வெக் 1978இல் உடைந்த 60 முன்பற்களில் இப்படிச் செய்து 96 சதவீத வெற்றி கண்டார். அதன் பெயரே இன்று ஸ்வெக் பல்பாடமி. அதற்கும் கீழே ரத்தம் நிற்காவிட்டால் முழுப் பல்பாடமி, அதாவது வேர்க் குழாய் தொடங்கும் இடம்வரை பற்கூழை எடுப்பது. அதுவும் முடியாவிட்டால்தான் ரூட் கேனால்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அட்ரினலின் கலந்த மரப்பூசி போட்டிருந்தால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும். ரத்தம் சீக்கிரம் நின்றதை மட்டும் பார்த்து 'பற்கூழ் நலம்' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். படி 1இல் நோயாளி சொன்னதையும் சேர்த்து எடை போடுங்கள்.

படி 4: எந்தப் பொருள்?

1756இல் பிரஷ்ய அரசரின் பல் மருத்துவர் ஃபிலிப் ஃபாஃப், திறந்த பற்கூழின் மேல் தங்கத் தகட்டை வளைத்து வைத்தார். பதிவான முதல் பல்ப் கேப்பிங் என்று அதைத்தான் சொல்வார்கள். அதற்கப்புறம் எதையெதையோ வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நிலைத்தது சுண்ணாம்பு.

ஆமாம், வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. வேதியியலில் கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920களில் ஜெர்மனியின் ஹெர்மன் அதைப் பல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அதன் பிஹெச் 12.5க்குப் பக்கம். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துபோகும் இல்லையா, பற்கூழின் மேல்பரப்பிலும் அதேதான் நடக்கிறது. மெல்லிய ஒரு அடுக்கு வெந்து சாகிறது. அதன் கீழே பற்கூழ் விழித்துக்கொண்டு பாலம் கட்டத் தொடங்குகிறது. கிருமிக்கும் அந்தக் காரத்தில் இருப்பு கொள்ளாது. (இதைப் படித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சொத்தைப் பல்லில் வைத்துவிடாதீர்கள். ஈறும் கன்னமும் வெந்துபோய் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

கிளினிக்கில் நாம் வைத்திருப்பது டைக்கல் மாதிரி இரண்டு ட்யூப் பேஸ்ட். கலந்த உடனே இறுகும், விலை குறைவு, எல்லா இடத்திலும் கிடைக்கும். குறை என்னவென்றால், டென்டினோடு ஒட்டாது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதன் கீழே கட்டும் பாலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பலவற்றிலும் சுரங்கம் போன்ற ஓட்டைகள். மேலே மருந்து கரைந்து வெற்றிடம், கீழே பாலத்தில் ஓட்டை. ஃபில்லிங்கின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கிருமிக்கு நேர் வழி. 2000இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், சொத்தையால் திறந்து கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த பற்களில் 5 வருடத்தில் 44.5 சதவீதமும் 10 வருடத்தில் 79.7 சதவீதமும் தோற்றிருந்தன. அந்தப் பற்கள் மாணவர்கள் கைபட்டவை என்பதைக் கணக்கில் எடுத்தாலும் நல்ல எண் இல்லை.

அடுத்தது எம்டிஏ, விரித்தால் மினரல் ட்ரைஆக்சைடு அக்ரிகேட். 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழு உருவாக்கியது. உள்ளே என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும். சுமார் 75 சதவீதம் போர்ட்லண்ட் சிமெண்ட், 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு, 5 சதவீதம் ஜிப்சம். பிஸ்மத் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்கு. மற்றதெல்லாம் அடிப்படையில் வீடு கட்டும் சிமெண்ட்தான், சுத்திகரித்து நைசாக அரைத்தது. அதற்காக மூட்டை சிமெண்ட்டைத் தேடிப் போக வேண்டாம். அதில் ஆர்சனிக் போன்ற கலப்புகளுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

சிமெண்ட்டில் தண்ணீர் பட்டால் இரண்டு பொருள் உருவாகும். ஒன்று, இறுகிக் கல்லாகும் கூழ்மம். இன்னொன்று, நம்ம பழைய சுண்ணாம்பு. அதாவது எம்டிஏ என்பது தன் கல்லுக்குள் சுண்ணாம்பைப் பொதிந்து வைத்து, மெதுவாகக் கசியவிடும் பொருள். காரம் அதே காரம்தான், ஆனால் கரைந்து ஓடிப்போவதில்லை; ஓரத்தில் ஒழுக்கும் குறைவு. பாலமும் கெட்டியாக, ஓட்டை குறைவாகக் கட்டுகிறது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் சாதாரண கிளினிக்குகளிலேயே நடந்து 2013இல் வந்தது. 376 பேர், 2 வருடம். கால்சியம் ஹைட்ராக்சைடில் தோல்வி வாய்ப்பு 31.5 சதவீதம், எம்டிஏவில் 19.7 சதவீதம். டைக்கலை அலமாரியின் பின் தட்டுக்குத் தள்ள எனக்கு இந்த ஒரு ஆய்வே போதுமானதாக இருந்தது.

எம்டிஏவின் தொல்லைகளும் சின்னதில்லை. முதலில் வந்த எம்டிஏ பிராண்டான ப்ரோரூட் இறுக 2 மணி 45 நிமிடம். கலந்தால் ஈர மணல் மாதிரி இருக்கும். கருவியில் ஒட்டும், பல்லில் ஒட்டாது. முன்பல்லில் வைத்தால் பிஸ்மத் கறுத்துப் பல்லே சாம்பல் நிறமாகும். ஹைபோகுளோரைட் பட்டால் இன்னும் மோசம். ரத்தம் நிறுத்தியபின் சலைனால் கழுவச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பிரேசிலின் ஆஞ்சலஸ் எம்டிஏவில் ஜிப்சம் கிடையாது, கால் மணி நேரத்துக்குள் இறுகும். பின்னாளில் பிஸ்மத்தையும் மாற்றிவிட்டார்கள்.

இந்தக் குறைகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு செய்தது போல வந்தது பயோடென்டின். பிரான்சின் செப்டோடான்ட் தயாரிப்பு. சுத்தமான ட்ரைகால்சியம் சிலிகேட், பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு, இறுகுவதை வேகப்படுத்த திரவத்தில் கால்சியம் குளோரைடு. 12 நிமிடத்தில் இறுகும், நிறம் மாறும் பயம் வெகு குறைவு, கடினம் டென்டினுக்கு நெருக்கம். பற்கூழ் ஆறுவதில் எம்டிஏவுக்குச் சமமாகவே நிற்கிறது. குறை என்றால், எக்ஸ்ரேயில் டென்டினோடு டென்டினாகக் கலந்து தெரியும். வைத்தது இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கேப்சூலில் வருவது 0.7 கிராம். ஊசிமுனைக் காயத்துக்கு அதை உடைக்கும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளும்.

தெராகால் எல்சி போல லைட் அடித்தால் 20 விநாடியில் இறுகும் பொருட்கள் கைக்கு வசதி. உள்ளே இருப்பது கால்சியம் சிலிகேட் கலந்த ரெசின், அதாவது பிளாஸ்டிக் போல இறுகும் பிசின். வினைபுரியாமல் மீந்த ரெசின் பற்கூழுக்கு ஆகாது; சிமெண்ட் நீரேறத் தண்ணீரும் தாராளமாகக் கிடைப்பதில்லை. திறக்காத ஆழக் குழியில் அடித்தளமாக வைக்க நல்லது. திறந்த பற்கூழின் மேல் நேரடியாக வைக்க நான் எடுப்பதில்லை.

வைக்கவே கூடாதவை சில உண்டு. சிங்க் ஆக்சைடு யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெய் கலவை, வலியை அமர்த்தும். நேராகப் பற்கூழில் பட்டால் அழற்சி தீராது, பாலமும் கட்டாது. ஜிஐசி, அதாவது கிளாஸ் அயனோமர் ஃபில்லிங் சிமெண்ட், நேரடியாகப் பட்டால் செல்களுக்கு நஞ்சு. 1990களில் பாண்டிங் ஏஜென்ட்டையே (ஃபில்லிங்கைப் பல்லோடு ஒட்டும் பசை) நேரடியாகப் பூசும் வழக்கம் ஒன்று கிளம்பியது. விலங்குகளில் நன்றாகத் தெரிந்தது மனிதப் பல்லில் கைவிட்டது.

சரி, என் கணக்கு இதுதான். முன்பல் என்றால் பயோடென்டின், யோசிக்கவே வேண்டாம். கடைவாய்ப் பல்லில் பயோடென்டின், எம்டிஏ எதுவானாலும் சரி, கையில் பழகியதை எடுங்கள். இரண்டும் இல்லாத ஊரில், சொத்தையில்லாத சின்ன விபத்துக் காயத்துக்கு மட்டும் டைக்கல். சொத்தையால் திறந்ததற்கு டைக்கலைத் தவிர வேறு இல்லை என்றால், அந்த இரண்டில் ஒன்றை வைத்திருப்பவரிடம் நோயாளியை அனுப்பிவிடுவது நல்லது.

படி 5: கலந்து வைப்பது

எம்டிஏ: 3 பங்கு பொடி, 1 பங்கு ஸ்டெரில் தண்ணீர், கண்ணாடிப் பலகையில். ஈரம் கூடினால் பஞ்சு முனையால் ஒற்றி எடுங்கள். காயத்தின் மேலும் சுற்றியுள்ள டென்டின் மேலும் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வையுங்கள். அமுக்க வேண்டாம், ஈரப் பஞ்சால் தட்டிப் படியவிட்டால் போதும். கான்கிரீட் தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்களே, அதே தேவை இதற்கும் உண்டு. அதனால் மெதுவாக இறுகும் வகை என்றால் மேலே ஈரப் பஞ்சு வைத்துத் தற்காலிக ஃபில்லிங் போட்டு, இறுகியதை இன்னொரு நாள் சோதித்தபின் நிரந்தரம்.

பயோடென்டின்: கேப்சூலை உள்ளங்கையில் தட்டிப் பொடியைத் தளர்த்துங்கள். திரவம் 5 சொட்டு. ஆறாவது சொட்டு விழுந்தால் 12 நிமிடம் அல்ல, எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் சரியாக இறுகாது. முதல் சொட்டில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று குப்பியைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். அமால்கமேட்டரில் (கேப்சூலைக் குலுக்கிக் கலக்கும் கருவி) 30 விநாடி, நிமிடத்துக்கு 4000 முதல் 4200 சுற்று. புட்டி போல வரும். வைத்தபின் 12 நிமிடம் தண்ணீர், பர் எதையும் காட்டாதீர்கள்.

படி 6: மேற்கூரை

எலிக் கதையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் எவ்வளவு உசத்தியானாலும் மேல் ஃபில்லிங் ஒழுகினால் எல்லாம் வீண். இறுகிய பொருளின் மேல் ரெசின் கலந்த ஜிஐசி ஒரு மெல்லிய அடுக்கு, அதற்கு மேல் பாண்டிங், காம்போசிட் (பல் நிற ஃபில்லிங்), முடிந்தால் அன்றைக்கே. பயோடென்டினால் குழி முழுவதையும் நிரப்பி, ஆறு மாதம்வரை விட்டுவைத்து, பிறகு மேல் பகுதியை மட்டும் குறைத்து காம்போசிட் போடலாம். 'அடுத்த வாரம் வாங்க' என்று வெறும் தற்காலிக ஃபில்லிங்கோடு அனுப்பினால், வலி இல்லாத நோயாளி தீபாவளி முடிந்துதான் வருவார்.

படி 7: என்ன சொல்லி அனுப்புவது, எப்போது கூப்பிடுவது

நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். நரம்பு திறந்தது, மூடியிருக்கிறோம், ஓரிரு நாள் கூச்சம் இருக்கலாம், தோற்கவும் வாய்ப்பு உண்டு, தோற்றால் ரூட் கேனால். முன்பே சொன்னால் அது விளக்கம்; ராத்திரி வலி வந்தபின் சொன்னால் அது சால்ஜாப்பு. எந்தப் பல், எவ்வளவு பெரிய காயம், ரத்தம் எத்தனை நிமிடத்தில் நின்றது, எந்தப் பொருள் என்று அட்டையில் எழுதிவையுங்கள்.

6 மாதத்தில் ஒருமுறை, 12 மாதத்தில் ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை என்று நான்கு வருடம் வரை கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் குளிர் ஸ்ப்ரே, தட்டிப் பார்த்தல், தேவைப்பட்டால் எக்ஸ்ரே. வலி இல்லை என்பதை மட்டும் வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செத்த பற்கூழும் வலிக்காது. முழுப் பல்பாடமி செய்த பல்லில் குளிர் தெரியாமல் போவது சகஜம், அங்கே எக்ஸ்ரேதான் சாட்சி. இளம் பல்லாக இருந்தால் வேர் நுனி வளர்ந்து மூடிக்கொண்டு வருகிறதா என்று முந்தைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளர்ந்திருந்தால் உள்ளே பற்கூழ் வேலை செய்துகொண்டிருக்கிறது.